சூடு பண்ணிக் கொடுத்தால் சரியாகிவிடாது

முகூர்த்த நாள் எப்போது வந்தது என்பதை நாட்காட்டியைப் பார்க்காமலே என்னால் சொல்லிவிட முடியும். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் சேலம் அம்மாபேட்டையிலுள்ள என் கிளினிக்கின் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஆவணியில் ஒரே நாளில் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் படுத்துறங்குபவர்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதென்று ஒருவர் கொடுத்த தக்காளி சாதத்தைக் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள், பத்து மணிக்கு வாந்தி தொடங்கியிருக்கிறது. அவர்களில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவருக்கு நாக்கு வறண்டு, நாடித் துடிப்பு விரலுக்கு அகப்படாத அளவுக்குப் போயிருந்ததால், சலைன் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அழைத்து வந்தவரே உணவு கொடுத்த இளைஞர்தான். முந்தைய இரவு பத்து மணிக்கு வரவேற்பு முடிந்த மண்டபத்தில் மிஞ்சியதை நண்பருடன் எடுத்துச் சென்று, அண்டாவை இறுக மூடி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, விடிந்ததும் அடுப்பேற்றி விநியோகித்திருக்கிறார். "நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணித்தானுங்க டாக்டர் கொடுத்தோம். காலையில மூடியத் திறந்தப்பகூட நடுவுல வெதுவெதுன்னுதான் இருந்துச்சுங்க" என்றார். சோறு கெடவில்லை என்பதற்கு அவர் சான்றாகச் சொன்ன அந்த வெதுவெதுப்புதான் ஐந்து பேரையும் படுக்க வைத்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இதே விளக்கத்தை இந்த ஆண்டில் எத்தனையாவது முறையாகச் சொல்கிறேன் என்பதில்தான் சலிப்பு.

சூடு கிருமியைக் கொல்லும் என்பது பாதி உண்மை. அரிசியோடு இயல்பாகவே வரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை. அதன்பின் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையிலான வெப்பத்தில் சோறு மணிக்கணக்காகக் கிடந்தால், அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது; நம் வீட்டுக் கேஸ் அடுப்பு அதை என்ன செய்துவிடும்? பரிமாறுபவரின் கைப்புண்ணிலிருந்து இறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமியின் நஞ்சும் கொதிநிலைக்கு அஞ்சுவதில்லை. எனவே காலையில் நாம் மூட்டும் தீ கிருமியைக் கொன்றாலும், இரவெல்லாம் அது சுரந்து வைத்த நஞ்சு சோற்றிலேயே இருக்கும். அதற்கு மணமோ சுவையோ கிடையாது. ஆகையால் "வாசனை நல்லாத்தான் இருந்துச்சு" என்னும் வாதத்தையும் தயவுசெய்து என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

இதைச் சொன்னவுடன் "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்" என்று யாராவது ஒருவர் தவறாமல் கிளம்புவார். பழைய சோற்றில் நாம் தண்ணீர் ஊற்றுகிறோம், அது புளிக்கிறது, அந்தப் புளிப்பு பல கிருமிகளைத் தலையெடுக்க விடாமல் அடக்குகிறது. எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து அண்டாவில் அமுக்கி மூடிய தக்காளி சாதம் புளிப்பதில்லை, வெறுமனே சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கிருமியை வளர்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்கள் டீயும் பன்னுமாக நாளைக் கடத்துவதை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு அந்தச் சாப்பாடு தேவை. ஆனால் இரவு பத்து மணிக்குத் தேவை, மறுநாள் காலையில் அல்ல. மண்டபத்துக்காரர்களும் சமையல் மாஸ்டர்களும் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் உணவை எடுத்துச் செல்பவர்களை அழைக்கத் தொலைபேசியை எடுக்கிறார்கள். எவ்வளவு மிஞ்சும் என்பது இரண்டாம் பந்தியிலேயே அனுபவமுள்ள மாஸ்டருக்குத் தெரிந்துவிடும், அப்போதே அழையுங்கள். பந்திக்கு வராத அண்டாவை மட்டும் தனியே ஒதுக்குங்கள், இலையில் விழுந்ததையும் பரிமாறும் வாளியில் மிஞ்சியதையும் அதில் கலக்காதீர்கள். அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். வெளியில் வைத்த உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் சேலத்துச் சித்திரையில் ஒரே மணி நேரம். தேங்காய்ச் சட்னி, பால் பாயசம், தேங்காய் போட்ட பொரியல் ஆகியவற்றை மீட்க நினைக்கவே வேண்டாம். புளியோதரை சற்றுத் தாங்கும், முறுக்கும் லட்டும் இன்னும் தாங்கும்.

ஏற்காட்டுக் கோடை விழாவின்போது விடுதிகளில் மிஞ்சும் உணவை இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே இறக்கிக் கொண்டுவரும் அன்பர்களுக்கும் ஒரு சொல். மலையிலேயே காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கும்போது, மூடிய வண்டிக்குள் அந்தச் சாம்பாரை நகரம் வரை ஏன் உலுக்கிக்கொண்டு வருகிறீர்கள்?

மிஞ்சும் உணவை மீட்டு வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019ஆம் ஆண்டில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருக்கிறது. மிஞ்சிய உணவைச் சேகரிக்க வாட்ஸ்அப் குழு தொடங்குவதற்கு முன் அதை ஒரு முறை படித்துவிடுங்கள். உணவு கொடுத்த இடத்தில் யாருக்காவது வாந்தி கண்டால், ஒரு லிட்டர் பொட்டலத்து ஓஆர்எஸ் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். முதியவராகவோ குழந்தையாகவோ இருந்தால் நிற்குமா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

அந்த இளைஞர் இப்போது சட்டைப் பையில் ஊசி முனை வெப்பமானி ஒன்றை வைத்திருக்கிறார். சென்ற வாரம் சேலத்தின் குகை என்னும் பகுதியிலுள்ள மண்டபம் ஒன்றில் சாம்பார் சாத அண்டாவின் நடுவில் அதைச் செருகிப் பார்த்திருக்கிறார், 41 டிகிரி காட்டியிருக்கிறது. இறக்கி நான்கு மணி நேரமாகிவிட்டதால் வேண்டாமென்று சொல்ல, "அன்னத்தைக் கீழே கொட்டச் சொல்றியா?" என்று பெண் வீட்டார் அவரைத் திட்டி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் என் கிளினிக்கின் பெஞ்ச் காலியாக இருந்தது.