ஆன்லைன் கம்பெனிக்கு வீட்டை விற்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைத் தேடுங்கள்

"புரோக்கர் தொல்லை இல்லை, அலைச்சல் இல்லை, உங்கள் வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்து நம்பரைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சந்தேகம் வந்து என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மதுரையில் சொத்துப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் திருநகர், அண்ணா நகர், எல்லிஸ் நகர் பக்கம் எப்போதோ வீடு கட்டி, பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ தங்கிவிட்டதால் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்த பெரியவர்கள். உட்கார்ந்ததும் கம்பெனி காட்டிய விலையைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது கையெழுத்துப் போடச் சொன்ன பேப்பரை.

விளம்பரம் மட்டும் போட்டு வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிடும் தளங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. நாங்களே வாங்குகிறோம் என்று வருகிறவர்களிடம்தான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் இப்படி உண்மையிலேயே சொந்தப் பணம் போட்டு வாங்கி விற்கும் கம்பெனிகள் உண்டு. அவற்றில் பெரியதான ஓப்பன்டோர், வெளியே விற்பதைவிட எங்களிடம் விற்றால் அதிகம் கிடைக்கும் என்று விற்பவர்களைத் தவறாக நம்பவைத்ததாக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2022-ல் அந்தக் கம்பெனி 6.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஜில்லோ என்ற இன்னொரு கம்பெனி, வீட்டு விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் இந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பணமும் கம்ப்யூட்டர் கணக்கும் வைத்திருந்தவர்களின் கதையே இது. நம் பக்கம் என் மேஜைக்கு வரும் பேப்பர்களில் பலவற்றில், கம்பெனி தன் பணத்தைப் போட்டு வாங்கப்போகிறது என்பதற்கான அடையாளமே இருப்பதில்லை.

கிரய ஒப்பந்தத்தில் "தங்களுக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி சட்டவிரோதம் இல்லை, தெரிந்தவர்களுக்குள் போடும் ஒப்பந்தத்திலும் வரும். ஆனால் அதோடு சின்ன அட்வான்ஸ், ஆறு மாதமோ பதினோரு மாதமோ கெடு, கூடவே உங்கள் சார்பில் விற்க அதிகாரம் கொடுக்கும் ஒரு பவர் பத்திரம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் விஷயம் வேறு. உங்கள் வீட்டைக் கொஞ்சம் பணம் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு ஆள் தேடப்போகிறார்கள். அதிக விலைக்கு ஆள் கிடைத்தால் வித்தியாசம் அவர்களுக்கு, கிடைக்காவிட்டால் போன மாதங்கள் உங்களுடையவை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "சார், நீங்க வித்தே ஆகணும்னு இதில இருக்கு. அவங்க வாங்கியே ஆகணும்னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கம்பெனி விலகினால் விற்பவர் அட்வான்ஸை 45 நாளில் திருப்பித் தரவேண்டும் என்ற வரியில் விரலை வைத்தார். நல்லவேளை, அதுவரை கையெழுத்துப் போடவில்லை.

போட்டிருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும். கெடு முடிந்தாலும் அந்தப் பதிவு தானாக நீங்காது, இரண்டு தரப்பும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், இல்லையென்றால் கோர்ட். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கும் அடுத்த ஆள் அதைப் பார்த்ததும் விலகிவிடுவார். ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி வழக்குப் போட அவர்களுக்கு, குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட வழக்கில் கிரயத்துக்கு உத்தரவிடாமல் தவிர்க்க நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சுதந்திரமும் குறைந்துவிட்டது. அதனால் ஒப்பந்தம் போடுவதென்றால் கெடு குறுகியதாக இருக்கட்டும், அவர்கள் விலகினால் அட்வான்ஸ் உங்களுக்கே என்று எழுதச் சொல்லுங்கள். உண்மையிலேயே வாங்குகிறவர் இதற்குத் தயங்கமாட்டார்.

பவர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பவரை வைத்து மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அதிகாரம் கையில் இருக்கும் ஆள் உங்கள் சார்பில் யாருக்கு வேண்டுமானாலும் கிரயம் எழுதிக் கொடுத்துவிட முடியும், என்ன விலைக்கு என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகும். "சும்மா பட்டா, வரி வேலைக்குத்தான் சார்" என்பார்கள். அந்த வேலைகளுக்கு விற்கும் அதிகாரம் எதற்கு?

விலை விஷயத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. முதலில் நல்ல விலை சொல்லி, அக்கம்பக்கத்தில் கேட்டு வந்த ஆட்களையெல்லாம் நீங்களே அனுப்பிவிட்ட பிறகு "இன்ஸ்பெக்‌ஷன்" என்று இரண்டு பேர் வருவார்கள், சுவரில் ஓதம், பழைய வயரிங், தெரு அகலம் போதாது என்று வரிசையாகச் சொல்லி லட்சக்கணக்கில் குறைப்பார்கள். எழுத்தில் உறுதியான விலை வராத வரைக்கும் மற்றவர்களோடு பேச்சை நிறுத்த வேண்டாம். மதுரையில் ஒரே நகரில் மெயின் ரோட்டை ஒட்டிய தெருவுக்கும் நாலு தெரு உள்ளேயும் சென்ட் விலை வேறு, அது திரையில் தெரியாது, அந்தத் தெருவில் சமீபத்தில் விற்றவருக்குத் தெரியும். வேல்யூவேஷன் ஃபீஸ், லீகல் ஃபீஸ் என்று விற்கிற உங்களிடமே பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அனுப்புகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்றாலும் அப்படியே, பணம் வருவதற்கு அந்த நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கம்பெனி என்றால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் (எம்சிஏ) தளத்தில் பெயரைப் போட்டு எப்போது தொடங்கியது, மூலதனம் எவ்வளவு, இயக்குநர்கள் யார் என்று பாருங்கள். கோடி ரூபாய் வீட்டை வாங்க வந்த கம்பெனியின் மூலதனம் ஒரு லட்சம் என்றால் மிச்சப் பணம் எங்கிருந்து வரும் என்று நேராகக் கேட்கலாம். கையெழுத்துப் போட வருகிறவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த போர்டு தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு நம்பரைக் காட்டுவதில் மயங்க வேண்டாம், அந்தச் சட்டத்தில் ஏஜென்ட் பதிவு என்பது பில்டர்கள் விற்கும் பதிவு செய்த திட்டங்களுக்கானது, உங்கள் பழைய வீட்டை விற்பதற்கு அது காவல் இல்லை.

அசல் பத்திரங்களை, தாய்ப்பத்திரம் உட்பட, முழுப் பணம் வரும் வரை யாரிடமும் கொடுக்காதீர்கள். பார்வைக்கு ஜெராக்ஸ் போதும். பதிவு நாளன்று பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், பின்தேதியிட்ட செக் வேண்டவே வேண்டாம். கிரயப் பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும், செக் திரும்பி வந்தாலும் கிரயம் நிற்கும், நீங்கள் பணத்துக்காகத் தனியாக வழக்கு நடத்த வேண்டும். ரொக்கமாக ரூ.20,000 அல்லது அதற்கு மேல் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதுவும் வாங்கிய உங்கள் மேல்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? கெடு முடிவதற்குள், நான் கிரயத்துக்குத் தயார், மீதிப் பணத்தோடு வாருங்கள் என்று ஒரு வக்கீல் நோட்டீஸை, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு, பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் மெசேஜோடு நிறுத்திவிடாதீர்கள். வராத பட்சத்தில், தாமதம் அவர்களுடையது என்பதற்கு அது உங்களுக்கு ஆதாரம். பவர் கொடுத்திருந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள், பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவராக இருந்தால் ரத்து செய்வது சிக்கலாகலாம். ரத்தைப் பதிவு செய்ததும், அந்தத் தகவலை பவர் வாங்கியவருக்கும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.