443-ஆம் வாசல்

ராயபுரத்தில் நின்று "போர்ட் ஓப்பன் பண்ணணும்" என்று சொன்னால் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைப்பார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். நான் சொன்னது 443, இணையத்தில் ஒரு கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாசல்களில் (போர்ட்) பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கானது. எங்கள் தெரு கேரம் போட்டியின் முடிவுகளைப் பழைய லேப்டாப்பில் ஒரு இணையப் பக்கமாக வைத்து, வீட்டிலிருந்தே ஊருக்குக் காட்ட ஆசை. வீட்டு வைஃபையில் பக்கம் உடனே வந்தது. தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது.

காரணம் புரிய நம் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடு போதும். கதவு எண் ஒன்று, உள்ளே எட்டுக் குடும்பம். வெளியுலகுக்கு உங்கள் வீடு ஒரே ஒரு ஐபி முகவரி. உள்ளே ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ரூட்டர் தனித்தனியாக உள்முகவரி கொடுத்திருக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உள்ளேயிருந்து ஒரு கோரிக்கை வெளியே போகும்போது, எந்தச் சாதனம் யாரிடம் கேட்டது என்று ரூட்டர் ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் தானாக வந்து நிற்பதற்குப் பேரேட்டில் வரி கிடையாது. அது வாசலோடு சரி.

அப்படியானால் "443-க்கு வருவதையெல்லாம் லேப்டாப்புக்கு அனுப்பு" என்று ரூட்டரிடம் சொல்லிவிட்டால்? அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரிலேயே இருந்தது. செய்தேன், அப்புறமும் சுற்றல்தான். ரூட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உள்முகவரியாகக் கொடுக்கவென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள், போதவில்லை. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். ஒண்டுக்குடித்தனத்துக்குள் ஒண்டுக்குடித்தனம்! அந்த வெளிவாசலின் சாவி நம்மிடம் இல்லை, நம் ரூட்டருக்குள் எந்த ஃபர்ம்வேரை (அதை இயக்கும் மென்பொருளை) போட்டாலும் அதைத் திறக்க முடியாது. கூடுதலாகப் பணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கினேன். (சில பிளான்களில் சர்வர் வைக்கவே கூடாது என்று விதி இருக்கும். முதலில் அதைப் படித்துவிடுங்கள்.)

பக்கம் வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் இப்போது அந்த லேப்டாப்போடு பேசலாம். அதிலுள்ள வெப் சர்வரில் ஓட்டை இருந்து ஒருவன் நுழைந்துவிட்டால், அடுத்து அவன் கைக்கு எட்டுவது அம்மாவின் போன், சிசிடிவி ரெக்கார்டர், பிரிண்டர். ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இரண்டு சாதனங்கள் பேசிக்கொண்டால் தகவல் ரூட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் வழியே நேராகப் போய்விடும்; எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலின் விதிகள் குறுக்கே வருவதில்லை. வாசலில் திண்டுக்கல் பூட்டு, உள்ளே அறைகளுக்குக் கதவே இல்லை.

ரூட்டர் ஃபர்ம்வேரை மாற்றினால் வேகம் கூடும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வீட்டுக்குள் ஒரு சுவர் எழுப்ப முடிகிறதே, அதற்காக மாற்றலாம். 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் என்ற திறந்த மென்பொருள் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும், 2003-இல் லிங்க்சிஸ் வெளியிட்டது. அதன் மேல் 2004-இல் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் எழுந்தது. பெயரில் இன்றும் அந்தப் பழைய பெட்டியின் எழுத்துகள்தான்.

இதில் ரூட்டரின் பின்பக்கத் துளைகளில் ஒன்றைப் பிரித்து லேப்டாப்புக்கென்று தனி நெட்வொர்க் ஆக்கிவிடலாம். இனி வீட்டுக்கும் லேப்டாப்புக்கும் இடையே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போகவேண்டும். வெளியிலிருந்து லேப்டாப்புக்கு 443 மட்டும். வீட்டிலிருந்து லேப்டாப்புக்குப் போகலாம். லேப்டாப் தானாக வீட்டுக்குள் எந்தப் பேச்சையும் தொடங்க முடியாது. ஆனால் நாம் கேட்டதற்கு அது தரும் பதில் வரும், பேரேட்டில் வரி இருக்கிறதே! ரூட்டரின் அட்மின் பக்கமும் அதற்குத் தெரியக் கூடாது.

பலர் மறப்பது லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் வழியை. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபதைச் சொச்சம் சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. பிடிபட்ட ஒவ்வொன்றும் அடுத்த ஆளைத் தேடி வெளியே தட்டியது. வெளியே போக அப்டேட்டுக்குத் தேவையானதை மட்டும் விட்டு மற்றதை அடைத்தால், அந்தத் தொற்று நம் வீட்டோடு நின்றுவிடும்.

மாற்றுமுன் ரூட்டரின் மாடலோடு அதன் பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் இருக்கும். 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பிடம்) மட்டும் உள்ள பழைய பெட்டிகளுக்கு இப்போதைய வெளியீடுகள் சரிவராது. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியை விட்டுவிடுங்கள். அதை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) போடச் சொல்லி, பின்னால் உங்கள் ரூட்டரை வையுங்கள். புது ஃபர்ம்வேரை எழுதும்போது கரண்ட் போனால் ரூட்டர் உயிரில்லாத செங்கல்தான். நான் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, பெருமாளையும் வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அன்றிரவு வெளியிலிருந்து வருவதையெல்லாம் பதிவு செய்ய லாக் போட்டேன். கேரம் முடிவு பார்க்க ஒருவரும் வருவதற்குள், 22, 23 என்று மூடிய போர்ட்களை யார் யாரோ தட்டிப் பார்த்த வரிகள் ஓடத் தொடங்கியிருந்தன.