ஜிம்மி கார்ட்டர் வீட்டுக் கொல்லைப்புறம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிளெயின்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஆர்ச்சரியில் இருக்கிறது முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நான்கு வயதிலிருந்து வளர்ந்த பண்ணை வீடு. 1938-இல் மின்சாரம் வருவதற்கு முன் எப்படி இருந்ததோ, அப்படியே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கார்ட்டரின் அப்பா நடத்திய கடையையும் டென்னிஸ் ஆடுகளத்தையும் படமெடுப்பார்கள். டாக்டராக நான் பார்க்கச் சொல்வது கொல்லையில் நிற்கும் கக்கூஸை.

1935-இல் காற்றாலை வைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. குளிக்க, அடியில் ஓட்டை போட்ட வாளி, அதுதான் ஷவர். இதுவே அந்த ஊருக்கு வசதியான வீடு. சுற்றிலும் இருந்த பண்ணைக் கூலிகள் பலருக்குக் கொல்லைக் கக்கூஸ்கூடக் கிடையாது.

அங்கேதான் கொக்கிப்புழுவுக்குக் கொண்டாட்டம். மலத்தோடு போகும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் தொற்றத் தயாராகிவிடும். வெறுங்காலில் மிதித்தால் தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, குடலுக்குள் இறங்கும். அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கும். அமெரிக்கத் தென்மாநிலத்து ஏழைகளைச் சோம்பேறிகள் என்று ஏசியவர்கள் பார்த்தது பெரும்பாலும் ரத்தசோகையைத்தான். 1909-இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய ஒழிப்பு இயக்கம் மருந்து கொடுத்தது. கக்கூஸ் கட்டவும் சொல்லிக்கொடுத்தது.

இந்த மண்ணில் வெறுங்காலோடு திரிந்த பையன், பிற்காலத்தில் வேறொரு புழுவின் மேல் கைவைத்தார். குடிநீர் வழியே உடம்புக்குள் போகும் கினிப் புழு; நம் பெரியவர்கள் நரம்புச் சிலந்தி என்பார்களே, அது. 1986-இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2024-இல் 15 பேருக்கு. தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. குடிநீரைத் துணியில் வடிகட்டுவது போன்ற எளிய வழிகளிலேயே சாதித்தார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம், வயலில் செருப்புப் போடுகிறீர்களா, வெளிக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்பேன். கூச்சப்படுவார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், மலப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகள் பையில் வைத்துக்கொண்டு வராமல், அங்கேயே மென்று விழுங்கட்டும். ஒரு வயதுக்கு மேல் இரண்டு வயதுக்குள் என்றால் பாதி மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும்.