சம்பளத்தில் பிடித்த பணம் கல்லாப்பெட்டிக் காசு அல்ல

மதுரைக்கு வெளியே ஒரு எவர்சில்வர் பட்டறை. பாலிஷ் போடுகிறவருக்கு மெஷினில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் சம்பளத்தில் மாதாமாதம் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) என்று நூறு ரூபாய் சொச்சம் பிடித்திருந்தார்கள். விசாரித்தால், பதிவில் அப்படி ஒரு ஆளே இல்லை. முதலாளி அழாத குறையாகச் சொன்னார்: "பிடிச்சதைத் தனியாத்தாண்ணே வச்சிருந்தேன். பத்துப் பேர் சேரட்டும், அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

பத்துப் பேர் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். அவர் எண்ணியதுதான் தப்பு.

இஎஸ்ஐக்குப் பத்துப் பேர், பிஎஃப்புக்கு (வருங்கால வைப்பு நிதி) இருபது பேர். சட்டத்தில் இதற்கு மேல் தெரிய வேண்டியது குறைவு. வில்லங்கமெல்லாம் அந்தப் பத்தையும் இருபதையும் எண்ணுவதில் இருக்கிறது. சம்பள வரம்பு இஎஸ்ஐக்கு 21,000, பிஎஃப்புக்கு 15,000 என்பதால், அதற்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரையும் கணக்குப்பிள்ளையையும் எண்ணாமல் விடுகிறார்கள். அவர்களுக்குச் சந்தா இல்லாமல் போகலாம், ஆனால் தலைக்கணக்கில் உண்டு. காண்ட்ராக்டர் அனுப்பிய ஆளும் உண்டு, தினக்கூலியும் உண்டு. கீழமாசி வீதியில் கடை, கப்பலூரில் குடோன், இரண்டுக்கும் ஒரே முதலாளி என்றால் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். மனைவி பெயரில் இன்னொரு ஜிஎஸ்டி எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது டீக்கடை யோசனை. ஆளும் பணமும் இங்கும் அங்கும் புழங்குவது தெரிந்தால் அதையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், ஆள் எட்டாகக் குறைந்தாலும் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

புது ஆள் 16,000 சம்பளத்தில் சேர்கிறார், வரம்பைத் தாண்டியவர்தானே என்று பிஎஃப்பை விட்டுவிடாதீர்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவருக்கு பிஎஃப் கணக்கு இருந்து, பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால் இங்கேயும் தொடர வேண்டும். சேருகிற அன்றே யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இஎஸ்ஐயில் வேறு மாதிரி. தீபாவளிக்குச் சம்பளம் ஏற்றினேன், 21,000 தாண்டிவிட்டது என்று நவம்பரிலேயே நிறுத்துகிறார்கள். அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு மார்ச்சில்தான் முடியும். அதுவரை பிடித்துக் கட்டியாக வேண்டும்.

மாதம் 14,000 வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,680 ரூபாய், இஎஸ்ஐ 0.75 சதவீதம் 105 ரூபாய். கையில் 12,215. உங்கள் பங்கு பிஎஃப்பில் இன்னொரு 1,680, அதோடு காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து ஒரு சதவீதம் 140, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 455. ஆக 2,275 ரூபாய் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். (நிர்வாகக் கட்டணம் மொத்தமாக மாதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது.) இந்த 2,275-ஐயும் தொழிலாளி தலையிலேயே கட்டுகிற இடங்களை நிறையப் பார்த்துவிட்டேன். 'எல்லா இடத்திலும் இப்படித்தான்' என்பார்கள். அது சட்டப்படி குற்றம்.

போன மாதம் பிடிக்க மறந்துவிட்டேன், இந்த மாதம் சேர்த்துப் பிடிக்கிறேன் என்பதும் செல்லாது. மறந்த மாதத்துக்கான அவர் பங்கை நீங்கள்தான் போட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் கதையே வேறு, நம்பிக்கை மோசடி என்று கிரிமினல் வழக்கு வரும். பட்டறைக்காரர் விஷயத்தில் பணம் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இஎஸ்ஐ கழகம் தொழிலாளிக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம்.

இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. அன்று சாயங்காலம் சர்வர் படுத்துக்கொள்ளும், அதற்காக யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள். 10-ஆம் தேதிக்கே முடித்துவிடுங்கள். தாமதித்தால் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அபராதம் தனி.

வருமான வரிப் பிடித்தம் பெரும்பாலான சிறு கடைகளுக்கு வராது. ஒரு மேனேஜருக்காவது பிடித்தால் டான் (வரி பிடிப்பவருக்கான எண்) வேண்டும், பான் போதாது. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுங்கள், மார்ச்சுக்கு மட்டும் ஏப்ரல் 30. காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் ஏறும். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. கடை மாநகராட்சியில் இருந்தால் அங்கே, பட்டறை ஊராட்சியில் இருந்தால் ஊராட்சிக்கு.

பிஎஃப் அலுவலகத்துக்கு அலைய வைப்பது பெரும்பாலும் பணம் அல்ல, இனிஷியல். ஆதாரில் 'முத்துக்கருப்பன் சு', பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் பாஸ்புக்கில் 'முத்து கருப்பன்' என்று நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்காக ஒரு மனிதர் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க முடியாமல் நான்கு மாதம் நடந்தார். சேரும் அன்றே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

கன்சல்டன்ட் பதிவு செய்து தரும்போது தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுக்கொள்வார். அவரோடு ஒரு மனத்தாங்கல் வந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். பாஸ்வேர்டும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து எப்போது காலாவதியாகிறது என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வேலையை விட்டுப் போனவருக்கு விலகிய தேதியைப் போட்டுவிடுங்கள். கோபத்தில் போடாமல் விடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் தொழிலாளியே பிஎஃப் இணையதளத்தில் அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ள முடியும், உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அது பலருக்குத் தெரியாமல், பழைய கடை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.