கைக்குள் ஒரு கோப்பைச் சூடு

குளிர்காலத்தில் காலை வகுப்புக்கு நடந்து போய் வரும் ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது: "விறைத்த கையோடு விடுதிக்குத் திரும்பி வந்து சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்தால், முதல் நிமிடம் சொர்க்கமாக இருக்கிறது. பாதி குடிப்பதற்குள் அந்தச் சுகம் போய்விடுகிறது. கோப்பை இன்னும் சூடாகத்தானே இருக்கிறது? கோடையில் அதே கோப்பையைத் தொடவே பிடிப்பதில்லை. ஏன்?"

குளிருக்குச் சூடு இதம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோப்பையில் 200 மில்லி தேநீர் 60 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடித்தபின் அது 37 டிகிரிக்கு இறங்கும்வரை உடம்புக்குக் கொடுக்கும் வெப்பம் சுமார் 19 கிலோஜூல். 60 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 210 கிலோஜூல் வேண்டும். ஆக, முழுக் கோப்பையும் உள்ளே போனாலும் உடம்பு 0.1 டிகிரிகூட ஏறாது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பே 80 வாட் அளவில் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த 19 கிலோஜூலை அது நான்கே நிமிடத்தில் தயாரித்துவிடும்.

அப்படியென்றால் அந்தச் சுகம் உடம்பு சூடானதால் வந்ததல்ல. பின்னே எதனால்?

தோலில் தொடங்குவோம். நம் தோலில் குளிரை அறியும் நரம்பு நுனிகளும் சூட்டை அறியும் நரம்பு நுனிகளும் தனித்தனியாக இருக்கின்றன. குளிரை அறிபவை எண்ணிக்கையில் அதிகம். அவற்றில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் ஒரு கதவுபோல இருக்கிறது. தோல் குளிர்ந்தால் அது திறந்து நரம்பைத் தூண்டும். புதினாவில் இருக்கும் மென்தால் என்ற பொருளும் அதே கதவைத் திறப்பதால்தான் புதினா மிட்டாய் வாயில் குளிர்கிறது. கொதிக்கும் சூட்டுக்கும் மிளகாய்க் காரத்துக்கும் இதேபோல இன்னொரு கதவு உண்டு. இந்தக் கதவுகளைக் கண்டறிந்ததில் முக்கியப் பங்காற்றிய டேவிட் ஜூலியஸ், தொடுதலை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நரம்புகள் வெப்பமானிபோல ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மாற்றம் வந்தால் சத்தம் போடும், மாற்றம் நின்றால் தணிந்துவிடும். கோப்பையைப் பிடித்த நொடியில் சூட்டு நரம்புகள் படபடவென்று துடிக்கின்றன; அதுவரை கத்திக்கொண்டிருந்த குளிர் நரம்புகள் சட்டென்று அடங்குகின்றன. சில நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்து ஒரு நிதானத்துக்கு வந்துவிடும். சுகம் குறைவதற்கு ஒரு காரணம் இது.

ஆனால் இது பாதி விடைதான். கோடையிலும் அதே நரம்புகள் அதே மாதிரிதான் துடிக்கும். அப்போது ஏன் பிடிக்கவில்லை?

இங்கேதான் மிஷேல் கபனாக் வருகிறார். பிரெஞ்சு உடலியல் அறிஞர். அவர் செய்த சோதனைக்குத் தொட்டியும் தண்ணீரும் போதும். ஆட்களைக் கழுத்துவரை வெந்நீரிலோ குளிர்ந்த நீரிலோ உட்காரவைத்து, உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் ஏறவோ இறங்கவோ விட்டார். அப்புறம் ஒரு கையை மட்டும் வேறு தண்ணீரில் முக்கச் சொன்னார். சில்லென்ற தண்ணீர், வெதுவெதுப்பான தண்ணீர், சுடும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இதம், எவ்வளவு எரிச்சல் என்று கேட்டார்.

உடம்பு சூடேறியிருந்தவர்களுக்குச் சில்லென்ற தண்ணீர் இன்பமாக இருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தவர்களுக்கு அதே தண்ணீர் சகிக்கவில்லை, வெந்நீர்தான் இனித்தது. இது சூடு, இது குளிர் என்று சொல்வதில் குழப்பம் இல்லை. பிடிக்கிறதா இல்லையா என்பதுதான் தலைகீழானது. கை ஒரே தகவலைத்தான் அனுப்பியது. அதற்கு இன்பம், துன்பம் என்று பெயர் வைத்தது உடம்பின் உள்நிலை. 1971இல் சயன்ஸ் இதழில் இதை விரிவாக எழுதிய கபனாக், இதற்கு அல்லீஸ்தீசியா என்று பெயர் கொடுத்தார்; மாறும் உணர்வு என்று பொருள் கொள்ளலாம்.

இந்த இயக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், உடம்பு எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கை நோக்கி நம்மைத் தள்ளும் எதுவும் இன்பம். விலக்கும் எதுவும் துன்பம். காய்ச்சலை யோசித்துப் பாருங்கள். உடம்பு 39 டிகிரியில் கொதிக்கிறது, ஆனாலும் குளிர்கிறது என்று போர்வையை இழுத்துக்கொள்கிறோம். காய்ச்சல் அந்த இலக்கையே மேலே ஏற்றிவிடுவதால், 39 டிகிரிகூட மூளைக்குப் போதாததாகத் தெரிகிறது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும் அதே போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம். போர்வை மாறவில்லை, இலக்கு மாறிவிட்டது.

இன்பம் ஏன் நீடிப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இலக்கை அடைந்துவிட்டால் திருத்த ஒன்றும் இல்லை. அதன்பின் இருப்பது சௌகரியம். சௌகரியத்தில் துன்பமும் இல்லை, பெரிய இன்பமும் இல்லை. அந்த மாணவி அறைக்குள் வந்துவிட்டார், வெப்பம் இழப்பது குறைந்தது, சுருங்கியிருந்த விரல் ரத்தக்குழாய்கள் விரிந்தன. கோப்பை பாதியாவதற்குள் உடம்புக்கு அதன் தேவை தீர்ந்துவிட்டது.

இன்பம்தான் மூளையின் பொது நாணயம் என்று கபனாக் பின்னாளில் வாதிட்டார். காலையில் போர்வைக்குள் கிடந்தபடி "இன்னும் ஐந்து நிமிடம்" என்று பேரம் பேசுகிறோமே, அங்கே போர்வையின் சூடும் வகுப்புக்குத் தாமதமாகும் பயமும் ஒரே தராசில் ஏறுகின்றன. இரண்டும் வெவ்வேறு வகைப் பொருள்கள். இன்பதுன்பம் என்ற ஒரே நாணயத்தில் மதிப்பிட்டால்தான் ஒப்பிடவே முடியும் என்பது அவர் கருத்து. எனக்கு இது சரியென்றே படுகிறது.

ஒருவர் தொட்டியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் கையை விடுகிறார் என்று இன்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தில் எதை எழுதுவது? பயன் வந்தது, நாற்பது ஆண்டுகள் கழித்து. நாள் முழுக்க ஒரே வெப்பநிலையில் கட்டடங்களை வைத்திருக்க ஏராளமான மின்சாரம் செலவாகிறது. அறை முழுவதையும் சூடாக்காமல், கையையும் காலையும் மட்டும் சூடாக்கினால் போதாதா என்று யோசித்த ஆய்வாளர்கள் கபனாக்கிடம் திரும்பிப் போனார்கள். ரிச்சர்ட் டி டியர் 2011இல் கட்டட ஆய்வுலகத்துக்கு அல்லீஸ்தீசியாவை மறுபடி அறிமுகப்படுத்தினார். பயன் தெரியாத கேள்விகளுக்கென்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கொஞ்சம் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் மது குடித்தால் குளிர் போய்விடும் என்ற நம்பிக்கை தவறு, ஆபத்தும்கூட. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் தோலுக்கு ஓடிவர, சூட்டு நரம்புகள் "எல்லாம் சரியாகிவிட்டது" என்கின்றன. உள்ளே இருந்த வெப்பமோ தோல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. செய்தி இனிக்கிறது, உடம்பு குளிர்கிறது.

அந்த மாணவி வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கோப்பை பாதியானதும் அதை மூடி வைத்துவிட்டு, வெளி வராந்தாவில் இரண்டு நிமிடம் நின்று கை குளிர்ந்ததும் திரும்பி வந்து மறுபடி பிடித்துப் பார்க்கட்டும். தேநீர் முன்பைவிட ஆறியிருக்கும். சுகம் திரும்பி வந்திருக்கும்.