டாலர் குறி பூட்டு அல்ல: சர்வரில் மறைந்திருக்கும் பகிர்வுகள்

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் சர்வரைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஊழியர்களின் சம்பளக் கணக்கு இருந்த ஃபோல்டரை உரிமையாளர் பெயரின் கடைசியில் டாலர் குறி ($) சேர்த்துப் பகிர்ந்திருந்தார். நெட்வொர்க்கில் சர்வரைத் திறந்தால் அந்தப் பெயர் தென்படாது என்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்று மனதார நம்பியிருந்தார். முன்னறைக் கணினியில், அங்கே அமரும் பெண்ணின் கணக்கிலேயே, சர்வர் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் டாலர் குறியோடு தட்டச்சு செய்து காட்டினேன். எல்லாம் திறந்தது. எல்லாப் பயனர்களையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ என்ற குழுவுக்கு முழு அனுமதி கொடுக்கப்பட்டிருந்ததே காரணம்.

டாலர் குறி பெயரை மட்டுமே மறைக்கிறது. அதிலும், சர்வர் தன் பகிர்வுகள் அனைத்தையும் பட்டியலில் அனுப்பிவிடுகிறது. நம் விண்டோஸ் கணினிதான் டாலரில் முடியும் பெயர்களைக் காட்டாமல் விடுகிறது. லினக்ஸ் கணினியிலிருந்து அதே பட்டியலைக் கேட்டால் மறைந்தவையும் சேர்ந்தே வரும்.

நாம் உருவாக்காமலே விண்டோஸ் தானாக உருவாக்கும் பகிர்வுகளும் உண்டு. சி-டாலர் (C$), டி-டாலர் (D$) என்பவை முழு டிரைவையும், அட்மின்-டாலர் விண்டோஸ் ஃபோல்டரையும் தொலைவிலிருந்து திறக்கும். நிர்வாகிகள் தங்கள் இடத்திலிருந்தே வேலை பார்ப்பதற்காக ஏற்பட்டவை இவை. சாதாரண ஊழியரின் கணக்கால் இவற்றைத் திறக்க முடியாது. ஆனால் தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துச் சிறிய அலுவலகங்களில் நான் அடிக்கடி காண்பது, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை வைத்துவிட்டுப் போகும் வழக்கம். ஒரு கணினியில் அது வெளியானால் சர்வரின் முழு டிரைவும் திறந்துகொள்ளும். 2017 ஜூன் மாதம் பரவிய நாட்பெட்யா என்ற தீங்கு மென்பொருள், திருடிய நிர்வாகிக் கணக்குகளைக் கொண்டு அட்மின்-டாலர் வழியாகவும் தன்னைப் பிற கணினிகளில் நகலெடுத்துக்கொண்டது.

இவற்றை நீக்கிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீக்கினாலும் சர்வரை மறுபடி தொடங்கியதும் திரும்ப வந்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆட்டோஷேர்சர்வர் என்ற மதிப்பைப் பூஜ்யமாக்கினால் வராது என்றாலும், சில பேக்கப் மென்பொருள்கள் இவற்றை நம்பியே இயங்குவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நிர்வாகிக் கடவுச்சொல் வைப்பதும், அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைத் தராதிருப்பதுமே என் வற்புறுத்தல்.

அந்த அலுவலகத்தில் ‘எவ்ரிஒன்’ குழுவை நீக்கி, உரிமையாளருக்கும் கணக்காளருக்கும் மட்டும் அனுமதி கொடுத்தேன். பிறகு சர்வரில், பகிர்வுகளை மறைவானவற்றோடு பட்டியலிடும் ‘நெட் ஷேர்’ கட்டளையை ஓட்டியபோது, எப்போதோ அகற்றிய ஸ்கேனருக்காகத் திறந்துவைத்த இன்னொரு மறைவான பகிர்வும் அகப்பட்டது. இத்தனை நாளில் சம்பளக் கணக்கை யாராவது திறந்து பார்த்தார்களா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பகிர்வுகள் அணுகப்படுவதை 5140 என்ற நிகழ்வு எண்ணில் பதிவுசெய்யும் தணிக்கை வசதி அந்தச் சர்வரில் இயக்கப்படவே இல்லை என்பதால், அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை; அதை இயக்கிவிட்டுத்தான் புறப்பட்டேன்.