ஏறிப்போன அரைக் கட்டை

"இது எங்கள் அம்மா குரல் இல்லை" என்று அந்த அம்மாள் சொன்னபோது கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

அவரை அழைத்து வந்தவன் அவருடைய அண்ணன் மகன். மண்டபம் பக்கத்து மீனவக் கிராமம். அவனுடைய அப்பத்தா 1986இல் ஒரு கல்யாண வீட்டில் பாடிய கும்மிப் பாட்டு, பரணில் கிடந்த கேசட் ஒன்றில் இருந்திருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டரில் அதை ஓடவிட்டு, எதிரில் கைப்பேசியைப் பிடித்துப் பதிந்து, யூடியூபில் ஏற்றிவிட்டான். ஒரே வாரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டுவிட்டார்கள். அறுபது வயதுக்காரிக்குச் சிறுமியின் குரல் என்று வியந்தவர்கள் உண்டு. சினிமாவுக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பார் என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. பெற்ற மகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கள் அம்மாவுக்குக் கட்டைக் குரல். கரையில் நின்று கூப்பிட்டால் வத்தைப் படகில் இருப்பவனுக்குக் கேட்கும். இது யாரோ."

ராமநாதபுரத்தில் கேசட் பதிவுக் கடையாகத் தொடங்கி, இப்போது அதே கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தந்து பிழைப்பவன் நான். அந்த அம்மாளின் காது சரியாகவே இருந்தது. தவறு டேப்பில்.

கேசட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து கணக்கு அதுதான். பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் சோர்ந்துபோகும். சோர்ந்த மோட்டாரில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு விரையும், சுருதியும் ஏறும். வேகம் 100க்கு 6 கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை பாராமல் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். இந்தக் கேசட்டில் முதல் பாட்டில் பாட்டிக்குப் பாட்டி வயதுதான். கடைசிப் பாட்டுக்கு வரும்போது பத்து வயது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம் உண்டு. கல்யாண வீட்டில் மைக் செட்டுக்கு மின்வாரிய லைன் கொடுத்திருந்தார்கள். டேப் ரெக்கார்டரை ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் திட்டும் அந்த இரைச்சல்தான் என் அளவுகோல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேகம் சரியாக இருந்தால் இரைச்சலும் அதே 50இல் நிற்க வேண்டும். கணினித் திரையில் பார்த்தால் இரைச்சல் தொடக்கத்தில் 51இல் நின்றது, முடிவில் 55. அதாவது கடைசிப் பாட்டு முக்கால் கட்டைக்கும் மேலே ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் மின்சாரமே 50க்குச் சற்றுக் கீழே இறங்கி ஓடும் என்பதையும் கணக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாவது முறை போட்டபோது அந்த அம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் மேற்கொண்டு இறக்கவில்லை.

இணையத்தில் பழைய குரல்களைத் தேடிக் கேட்கிற கூட்டம் இன்று பெரியது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், என் கடையே அவர்களால்தான் ஓடுகிறது. ஆனால் அவர்கள் கேட்பது பாடியவரையா, பழுதான மோட்டாரையா என்று ஒருமுறையாவது சந்தேகப்பட வேண்டும். இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபா 2015இல் மறைந்தார். இந்தக் கரையில் அவர் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு குறைவு. இயல்பாகவே உச்சத்தில் நிற்கும் கம்பீரக் குரல் என்பதால், அரைக் கட்டை ஏறிய பிரதியைக் கேட்டாலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, "என்ன சாரீரம்!" என்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றுகிறார்கள். உரிமை உள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் ஏற்பாட்டிலிருந்து தப்பிக்க அது ஒரு குறுக்கு வழி. தப்பிப்பது அவர்கள், கெட்டுப்போவது பாடியவரின் சுருதி. ராம்நாட் கிருஷ்ணன் 1973இல் மறைந்த சங்கீத வித்வான், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். சுருதியோடு இழைந்து பாடும் அவரைப் போன்றவரைப் பிசகிய வேகத்தில் கேட்டுவிட்டு அவர் பாடிய கட்டை எது என்று வாதாடுவது வீண் வேலை.

வேகத்தைவிட என்னை வதைப்பது 'இரைச்சல் நீக்கம்'. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். இணையத்தில் கிடைத்த மென்பொருளால் ஏற்கெனவே 'சுத்தம்' செய்திருந்தார். மென்பொருளுக்கு அலையோசை இரைச்சல். அதை அள்ளி எறியும்போது, காற்றொலியாக வரும் 'ச'வையும் 'ஸ'வையும் சேர்த்து எறிந்துவிட்டது. பாடியவர் தண்ணீர்க் குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. இன்னொரு கொடுமை, பாட்டுக்கு நடுவில் வரும் இடைவெளிகளையும் அது வெட்டியிருந்தது. அம்பாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டுக் கயிற்றை இழுப்பார்கள். அந்த இடைவெளியில்தான் வலை கரைக்கு வருகிறது. அதை வெட்டினால் கடலில் வலையே இல்லை. கேட்டவர்கள் 'நல்ல துள்ளலான தாளம்' என்று பாராட்டியிருந்தார்கள். நல்லவேளை, அவர் மூல கேசட்டைத் தூக்கிப் போடவில்லை.

வேலையை ஒழுங்காகச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். எதற்கும் முன்பு அவற்றை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை ஒரு பொத்தான் தவறி அழுத்தினாலும் பழைய குரல் அழிந்து உங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் பதிவாகும். நம் கரையில் உப்புக்காற்றால் கேசட்டின் திருகாணியும், டேப்பைத் தாங்கும் சின்னஞ்சிறு தகடும் துருப்பிடிக்கும். ஈரத்தில் டேப் சுருளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அப்படியிருந்தால் எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். கருவாடு காயவைக்கிற ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் மாடியில் பாய் விரித்துப் பதினெட்டு கேசட்டுகளைக் காயவைத்திருந்தார்.

கணினிக்கு மாற்றும்போது எம்.பி.3 ஆக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக எடுத்தால் 45 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 780 எம்.பி. பிடிக்கும். இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. திருத்துவதெல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும், மூலத்தைத் தொடக்கூடாது. இலங்கை வானொலியிலிருந்து பதிந்த கேசட்டுகள் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. ஏற்றுபவர்கள் பாட்டை வைத்துக்கொண்டு அறிவிப்பாளரின் பேச்சை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டு நூறு இடத்தில் கிடைக்கும். அந்த நாளின் அந்த அறிவிப்பு அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கும்.

மறைந்தவர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, 'கிடைத்தற்கரிய பதிவு' என்று ஏற்றும் வியாபாரமும் தொடங்கிவிட்டது. 2024இல் ஏ.ஆர். ரகுமான் ஒரு பாடலில் மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலை அப்படிப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதுபோல வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் கேட்பவனுக்கு ஏமாற்றம் இல்லை. 'கிடைத்தற்கரியது' என்று வருவதைப் பார்த்தால், எந்த ஆண்டு, எங்கே, யார் பதிந்தது என்று கேளுங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்துப் பையன் ஏற்றிய பதிவுக்கு வைத்திருந்த தலைப்பு, 'பெயர் தெரியாத கிராமத்துப் பாட்டி'. சொந்த அப்பத்தா! ஏன் என்று கேட்டேன். அப்படிப் போட்டால்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள் என்றான். பொய்யும் இல்லை. பெயரில்லாத குரலுக்கு ஒரு கிறக்கம் இருக்கிறது, கேட்பவர் தாமே கண்டெடுத்தது போல உணர்கிறார். ஆனால் பாடியவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகள் அந்தப் பாட்டின் மேல் அவருக்கு உரிமை இருக்கிறது. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாளுக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை.

"பெயர் தெரியாதா? வீட்டில் பழைய ரேஷன் கார்டு இருக்கிறதே, அதைப் பார்க்கத் தெரியாதா உனக்கு?"

திருத்திய பதிவையும் ஏற்றினான். முதல் பதிவைக் கேட்டவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் பழையதே நன்றாக இருந்தது என்கிறார்கள். அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். எடுக்க வேண்டாம், 'வேகம் கூடிய பதிவு' என்று மட்டும் எழுதிவிடு என்றேன். இன்னும் எழுதவில்லை. ஆனால் இரண்டிலும் தலைப்பில் இப்போது பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருந்த எழுத்துப்பிழையோடு.